எழுவாய் இல்லாத அநீதி
('போத்சான்' என்னும் ஜப்பானிய நாவலில் நேர்மையும் அநீதியும் குறித்த பொதுச் சொற்பொழிவு)



யாம் பிறந்து வளர்ந்த ஊர் சிடாம் கிரி. சிறுவராய் இருந்தபோது அப்பெயரில் உள்ள 'கிரி' என்பதை மலை என்றே எண்ணியிருந்தோம். நீலகிரி, சதுரகிரி என்றெல்லாம் பாடநூலில் படித்தோம். ஆகவே எம் ஊரும் ஒரு மலையின் பெயரைத் தாங்கியது என்பதில் எமக்குப் பெருமை இருந்தது. சுற்றிலும் ரப்பர் நிரைகளும் மண்சாலைகளும் லயங்களும்தாம் இருந்தன; அந்த மலையைத்தான் காணவில்லை. பின்னர் மலாய் மொழி கற்றபோது 'கிரி' என்றால் இடப்பக்கம் என்று தெரிந்தது. கோலமூடா மாவட்டத்தில் சிடாம் கிரி இருக்கிறது. குலிம் மாவட்டத்தில் சிடாம் கானான் இருக்கிறது. 'கானான்' என்றால் வலப்பக்கம். ஒன்று இடம், மற்றொன்று வலம், அவ்வளவே. மொழியியல் எமக்குக் கற்பித்த முதற்பாடம் அதுதான்: ஒரு சொல் காதுக்கு இனிதாய் ஒலிப்பது வேறு, அது உண்மையில் எதைக் குறிக்கிறது என்பது வேறு.

இன்றைய உரைக்கு ஒரு ஜப்பானிய நாவலை எடுத்துக்கொண்டதும் அந்தப் பாடத்தை ஒட்டியே. இந்த உரையின் பொருளைக் கேட்டறிந்த எம் உறவினராகிய மூதாட்டி ஒருவர், "ஜப்பான்காரன் கதையையா நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறாய்?" என்று வினவினார். கெடாவின் தோட்டத்தில் பிறந்த எவரும் அவ்வினாவைப் புறந்தள்ள இயலாது. அதற்கு விடை கூறாமல் இவ்வுரையை யாம் முடிக்கப்போவதில்லை.

ஆசிரியரும் நூலும்

நட்சுமே சோசெகி 1867-இல் பிறந்து 1916-இல் மறைந்தவர். ஜப்பானிய நாவல் இலக்கியத்தின் தலையாய படைப்பாளர்களுள் ஒருவர். ஆங்கிலம் பயின்ற அவர் 1895-இல் சிகோக்குத் தீவிலுள்ள மட்சுயாமா என்னும் ஊரின் நடுநிலைப்பள்ளியில் ஓராண்டு ஆசிரியராய்ப் பணியாற்றினார். பின்னர் இலண்டனில் ஈராண்டு தங்கிப் பயின்று, நாடு திரும்பி, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அப்பணியில் இருந்தபோது 1906-இல் எழுதியதே 'போத்சான்'. மறு ஆண்டு பல்கலைக்கழகப் பணியைத் துறந்து செய்தித்தாள் ஒன்றில் எழுத்தாளராய்ச் சேர்ந்தார். 1911-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சு அவருக்கு முனைவர் பட்டம் வழங்க முன்வந்தபோது அதனை ஏற்க மறுத்தார். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொண்டு உங்கள் முன் நிற்கும் எமக்கு இச்செய்தி சற்றுக் கூச்சத்தைத் தருகிறது.

'போத்சான்' என்பது ஒரு விளிப்பெயர். வீட்டுப் பணியாளர் அவ்வீட்டுப் பையனை அன்போடு அழைக்கும் சொல். நம் வழக்கில் 'சின்னய்யா' என்பது போன்றது. கியோ என்னும் முதிய பணிப்பெண் அவ்வாறு அழைக்கையில் அது வாஞ்சை. பள்ளியின் ஓவிய ஆசிரியர் அதே சொல்லை மறைவில் கூறுகையில் அது ஏளனம். நாவல் முழுவதும் இவ்விரு பொருளுக்கும் இடையில்தான் ஓடுகிறது.

கதை எளியது. டோக்கியோவில் பிறந்த இளைஞன் ஒருவன் கணித ஆசிரியனாய்ச் சிகோக்குத் தீவிலுள்ள சிற்றூர் ஒன்றுக்கு மாதம் நாற்பது யென் ஊதியத்தில் செல்கிறான். அவன் முன்கோபி, எண்ணியதை உடனே பேசிவிடுபவன், பொய் சொல்லத் தெரியாதவன். உடன் பணியாற்றுவோர்க்கெல்லாம் அவன் பட்டப்பெயர் சூட்டுகிறான். ஆண்டு முழுவதும் சிவப்புச் சட்டை அணியும் பட்டதாரியான துணைத் தலைமையாசிரியர் 'செஞ்சட்டை'. முரட்டுத் தோற்றமும் நேர்மையும் உடைய கணித ஆசிரியர் ஹொத்தா 'முள்ளம்பன்றி'. வெளிறிய முகமும் பணிவும் உடைய ஆங்கில ஆசிரியர் கோகா 'கொடிநுனிப் பூசணி'. செஞ்சட்டைக்கு ஆமாம் போடும் ஓவிய ஆசிரியர் 'கோமாளி'. கோகாவுக்கு மணம் பேசியிருந்த பெண்ணைச் செஞ்சட்டை விரும்புகிறார். அதனால் கோகா தொலைவிலுள்ள ஊருக்கு மாற்றப்படுகிறார்; அதனை எதிர்த்த ஹொத்தா பதவி விலகச் செய்யப்படுகிறார்; கதைசொல்லியாகிய இளைஞனும் உடன் விலகுகிறான்.

வெட்டுக்கிளி தானே வந்தது

இளைஞன் பள்ளி விடுதியில் இரவுக் காவலுக்குப் படுக்கிறான். படுக்கையெங்கும் வெட்டுக்கிளிகள். மாணவரை அழைத்து, "இதை ஏன் என் படுக்கையில் போட்டீர்கள்?" என்று கேட்கிறான். மாணவர்கள் முதலில் சொல்லாராய்ச்சியில் இறங்குகின்றனர். ஆசிரியர் சொன்ன பெயர் தவறாம். அந்தப் பூச்சிக்கு வேறு பெயராம். பிறகு, யாரும் போடவில்லை என்கின்றனர். அப்படியானால் அவை எப்படி வந்தன? வெதுவெதுப்பான இடம் அவற்றுக்குப் பிடிக்கும், ஆகவே தாமாகவே எழுந்தருளியிருக்கலாம் என்கின்றனர். மூல மொழியில் பூச்சிக்கு உயர்வு விகுதி கொடுத்துப் பேசுகிறார்கள். ஆசிரியனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

சிரித்துவிட்டுக் கடந்துபோகும் இடம்தான். ஆயினும் நாவலின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது என்பது எம் கருத்து. செயல் இருக்கிறது, செய்தவர் இல்லை. பயனிலை இருக்கிறது, எழுவாய் இல்லை. இளைஞன் அவ்விடத்தில் தன் பள்ளிப் பருவத்தை நினைக்கிறான். தானும் குறும்பு செய்தவன்தான். ஆனால் யார் செய்தது என்று கேட்டால் பின்வாங்கியதில்லை. குறும்பும் தண்டனையும் சேர்ந்தே வருவன; தண்டனையை விலக்கிக் குறும்பை மட்டும் வேண்டுவது இழிவு என்பது அவன் கொள்கை. சோசெகி காட்டும் நேர்மையின் இலக்கணம் இதுவே. நேர்மை என்பது தவறே செய்யாமை அன்று. செய்த செயலுக்கு 'நான்' என்னும் எழுவாயைத் தருதல்.

தமிழும் ஜப்பானியமும் வினையை இறுதியில் வைப்பவை. எழுவாயைத் தொகுத்துவிட்டுப் பேச இடம் தருபவை. இரு மொழிக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ நெடுநாள் ஆராய்ந்தார். அம்முடிபு மொழியியலாரிடையே பரவலான ஏற்பைப் பெறவில்லை, யாமும் ஏற்றதில்லை. ஆனால் எழுவாயைத் தொகுக்கும் வசதி இரண்டுக்கும் உண்டு என்பதில் ஐயமில்லை. "சாப்பிட்டாயிற்று" என்கிறோம், யார் சாப்பிட்டார் என்று கூறத் தேவையில்லை. அது மொழியின் சிக்கனம். அதே சிக்கனத்தோடு "உடைந்துவிட்டது" என்கிறோம். அங்கே மொழி நமக்கு ஓர் ஒளிவிடத்தையும் தந்துவிடுகிறது.

கோகாவின் பணிமாற்றம்

மாணவர்கள் விளையாட்டாய்ச் செய்ததைப் பெரியோர் அலுவலாய்ச் செய்கின்றனர். கோகாவின் தாயார் தம் மகனின் ஊதியத்தைச் சற்று உயர்த்துமாறு தலைமையாசிரியரிடம் வேண்டுகிறார். ஆவன செய்யலாம் என்ற விடை கிடைக்கிறது. சில நாளில் கோகாவை அழைத்து, கியூஷூ தீவின் நோபெயோக்காவில் ஐந்து யென் கூடுதலாய் ஓர் இடம் இருக்கிறது, எல்லாம் முடிவாயிற்று என்கின்றனர். ஊதியம் உயராவிட்டாலும் இருக்கட்டும், இங்கேயே இருக்கிறேன் என்று கோகா கெஞ்சியும் பயனில்லை. தாய் கேட்டது ஊதிய உயர்வு. மகனுக்குக் கிடைத்தது நாடுகடத்தல். ஏட்டிலோ அது வேண்டுகோளின்படி நிகழ்ந்த மாற்றம்.

இந்த நாவலில் செஞ்சட்டை ஒருபோதும் குரலை உயர்த்துவதில்லை. மென்மையாகப் பேசுவார், இலக்கியம் பேசுவார், மேனாட்டுப் பெயர்களை உதிர்ப்பார். இளைஞனுக்கு ஊதிய உயர்வு தருவதாகவும் கூறுகிறார். அந்தப் பணம் கோகாவை அனுப்புவதால் மிஞ்சுவது என்று அறிந்ததும் இளைஞன் வேண்டாம் என்கிறான். செஞ்சட்டை நயமாக வாதிடுகிறார். வாதத்தில் இளைஞன் தோற்கிறான். ஆனால் பணத்தை ஏற்கவில்லை. வாதத்தில் வெல்பவன் நல்லவன் என்று எந்த விதியும் இல்லை என்பது அவன் கண்ட தெளிவு. பட்டிமன்றத்தில் பழகிய நம் மாணவர்கள் இவ்விடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

பின்னர் பிரிவுபசார விருந்து. தலைமையாசிரியர் புகழ்கிறார், செஞ்சட்டை இன்னும் அழகாய்ப் புகழ்கிறார், கோகா எழுந்து உள்ளம் உருகி நன்றி கூறுகிறார். கேலியாக அன்று, மெய்யாகவே கூறுகிறார். வன்முறை ஏதும் அங்கே இல்லை. தீங்கு முழுவதும் நல்ல சொற்களால் நடந்தேறுகிறது.

வள்ளுவர் வாய்மைக்குத் தனி அதிகாரம் வகுத்து, பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று வரையறுத்தார். மேலோட்டமாய்ப் பார்த்தால், யாரையும் புண்படுத்தாத செஞ்சட்டையின் பேச்சு வாய்மை போலவும், எல்லோரையும் புண்படுத்தும் இளைஞனின் பேச்சு அதற்கு மாறானது போலவும் தோன்றும். ஆனால் வள்ளுவர் கேட்பது சொல்லின் ஓசையை அன்று, அதன் விளைவை. செஞ்சட்டையின் இன்சொல் கோகாவின் வாழ்வைக் குலைத்தது. இளைஞனின் கடுஞ்சொல் எவர் வாழ்வையும் குலைக்கவில்லை. சொல்லின் மென்மையை வாய்மையோடு குழப்பிக்கொள்வது நம் அவைகளிலும் அலுவலகங்களிலும் நாள்தோறும் நிகழும் பிழை.

மன்னன் தந்த எழுவாய்

அநீதியை நாம் அறிந்த பெருங்காப்பியம் சிலப்பதிகாரம். கண்ணகி அரசவைக்கு வந்து சிலம்பை உடைக்கிறாள்; உள்ளிருந்து தெறித்தது மாணிக்கம். தன் தேவியின் சிலம்பிலிருப்பது முத்து என்பதை அறிந்த பாண்டியன், குற்றம் தன்னுடையது என்று தன் வாயால் ஏற்று, அரியணையிலேயே உயிர் துறக்கிறான். பொற்கொல்லன் மேலோ காவலர் மேலோ அவன் பழியைத் தள்ளவில்லை. செயலுக்கு எழுவாய் கிடைத்துவிட்டது. கோவலன் உயிர் மீளவில்லை. ஆயினும் நீதி என்பது உலகில் உண்டு என்ற உறுதி படிப்பவர்க்குக் கிட்டுகிறது.

சோசெகியின் பள்ளியில் அத்தகைய மன்னன் இல்லை. தலைமையாசிரியரைக் கேட்டால் நடைமுறை என்பார். துணைத் தலைமையாசிரியரைக் கேட்டால் தலைமையாசிரியரின் முடிவு என்பார். மாணவர் சண்டையைப் பற்றி ஊர்ச் செய்தித்தாள் ஹொத்தாவும் இளைஞனுமே தூண்டினர் என்று பொய் எழுதுகிறது. மறுப்பு பின்னர் வருகிறது, கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தில். யாரைப் பிடித்துக் கேட்பது? கண்ணகி இப்பள்ளிக்கு வந்திருந்தால் எந்த அறையின் கதவைத் தட்டுவது என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. 1906-இல் சோசெகி கண்டுகொண்ட புதுமை இது. புதிய காலத்தின் அநீதிக்கு முகம் இல்லை. அது அலுவல் கடிதத்தில் செயப்பாட்டு வினையாய் வரும்.

மூதாட்டியின் வினா

இப்போது மூதாட்டியின் வினாவுக்கு வருகிறோம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அம்மாதமே ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்று, கெடா வீழ்ந்தது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். முதலில் நல்ல கூலி, உணவு, குறுகிய காலம் என்ற இன்சொற்கள், பின்னர் ஆள்பிடிப்பு. காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன.

அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாய் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்கு இறந்தனர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் இல்லை. ஜப்பானியப் படை அவர்களை 'ரோமுஷா' என்றது. அச்சொல்லுக்குத் தொழிலாளி என்பதே பொருள். அதில் கட்டாயம் என்பதன் சாயலும் இல்லை. இனிதாய் ஒலித்து வேறொன்றைக் குறித்த சொற்களுள் அதுவும் ஒன்று.

வரலாற்று நூலில் "தொழிலாளர் அனுப்பப்பட்டனர்" என்று எழுதுகிறோம். எம் ஊர்ப் பெரியோர் அப்படிப் பேசியதில்லை. "ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனான்" என்பதே அவர்கள் வாக்கியம். எழுவாய் இருக்கிறது, வினை 'பிடித்தல்' என்று தன் உண்மைப் பெயரோடு இருக்கிறது. பள்ளிக்கூடம் செல்லாத அம்மக்களின் தமிழ், பட்டம் பெற்ற எம்மனோர் தமிழினும் நேர்மையானது என்று இவ்வவையில் கூற யாம் தயங்கவில்லை. இன்னொன்றையும் அவர்கள் மறைத்ததில்லை. எத்தனை பேர் வேண்டும் என்று கேட்ட படைக்குப் பெயர்ப்பட்டியல் தந்தவர்களுள் தோட்டத்து நம்மவரும் இருந்தனர். அந்த எழுவாயைச் சொல்வது இன்னும் கடினம்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த கோ. புண்ணியவானின் 'கையறு' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இக்கொடுமையைப் பேசுகின்றன. கற்களில் பொறிக்கப்படாதவர்களுக்கு இந்நாவல்கள் முகம் தந்தன. பள்ளி நூலகத்தில் இவை இல்லாவிடில், 'போத்சான்' வாங்குமுன் இவற்றை வாங்குக என்பதே எம் வேண்டுகோள்.

அப்படியானால் ஜப்பானிய நாவல் எதற்கு? சயாமில் சவுக்கெடுத்த படைவீரனும் ஒரு பள்ளியில் படித்து வந்தவனே. அநீதி அந்நாட்டுப் பள்ளி அறைகளில், தேநீர்க் கோப்பையோடும் இன்சொல்லோடும் எவ்வாறு தொடங்குகிறது என்பதை, போர் மூள்வதற்கு முப்பத்தைந்து ஆண்டுக்கு முன்பே அந்நாட்டார் ஒருவர் எழுதி வைத்தார். கதையில் வரும் ஊரே அப்போது போர் வெற்றி விழாக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. தன் நாட்டின் செஞ்சட்டைகளைத் தானே காட்டிக்கொடுத்தவர் சோசெகி. மூதாட்டிக்கு யாம் கூறிய விடை இது: "அவனுடைய கதைதான், ஆத்தா. ஆனால் அவனே அவனைப் பற்றிச் சொன்ன உண்மை." அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியென்றால் சொல்லு" என்றார்.

செஞ்சட்டை யார்?

1914-இல் மாணவர்முன் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் சோசெகி 'போத்சான்' பற்றிக் குறிப்பிட்டார். கதைமாந்தர்க்கெல்லாம் நிகரான உண்மை மனிதரைத் தேடுவதானால், அந்நாளில் மட்சுயாமாப் பள்ளியில் இருந்த ஒரே இலக்கியப் பட்டதாரி தாமே. ஆகவே செஞ்சட்டை தாமாகத்தான் இருக்க வேண்டும் என்ற பொருள்பட நகைச்சுவையாய்ச் சொன்னார். நாவலைப் படிக்கும் நாம் அனைவரும் நம்மை அந்த நேர்மையான இளைஞனாகவே எண்ணிக்கொள்கிறோம். எழுதியவரோ தம்மை வில்லனின் இருக்கையில் அமர்த்திப் பார்த்தார்.

அச்செய்தியைப் படித்த அன்று எமக்கு உறக்கம் வரவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்கு முன், யாம் இளம் ஆசிரியராய் இருந்த ஒரு பள்ளியில், மூத்த ஆசிரியர் ஒருவர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, மாணவரிடம் திரட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்டார். கூட்டம் அமைதியாயிற்று. எவரும் அவரோடு சேர்ந்து கேட்கவில்லை, யாமும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார். அவர் கேட்டு வாங்கிய மாற்றம் என்று சொல்லப்பட்டது. அது பொய் என்பது எல்லோரும் அறிந்ததே. நல்ல தமிழ் எழுதுபவர் என்று எமக்கு அப்போதே ஒரு பெயர் இருந்ததால், பிரிவுபசார விழாவுக்கு வாழ்த்துமடல் எழுதும் பணி எம்மிடம் வந்தது. எழுதினோம். "தம் விருப்பத்திற்கிணங்கப் பணிமாற்றம் பெற்றுச் செல்லும்" என்று எழுதினோம். எதுகை மோனையோடு எழுதினோம். கண்ணாடிச் சட்டமிட்டு வழங்கினோம். அவர் அதை நின்றபடியே படித்தார். "தமிழ் நன்றாக இருக்கிறது, தம்பி" என்றார். வேறெதுவும் கூறவில்லை. இன்று அவர் இல்லை.

இலக்கணம் 'யாம்' என்றும் 'நாம்' என்றும் இரு பன்மைகளைத் தருகிறது. கேட்போரைச் சேர்த்துக்கொள்வது நாம்; விலக்கிவைப்பது யாம். மேடை மரபு கருதி இவ்வுரை முழுவதும் 'யாம்' என்று பேசிவருகிறோம். இந்த ஓரிடத்தில் அப்பன்மை எமக்கே உறுத்துகிறது. அம்மடலை எழுதியது ஒரே ஒரு கை. கணக்கை மறைத்தவர் யார் என்பதை விட, மறைப்புக்கு அழகிய தமிழ் தந்தவர் யார் என்னும் வினாவுக்கு எம்மிடம் விடை இருக்கிறது.

நேர்மைக்கு என்ன பயன்?

நாவலின் முடிவில் இளைஞனும் ஹொத்தாவும் விடியற்காலையில் செஞ்சட்டையையும் கோமாளியையும் வழிமறித்து அடித்துவிட்டுக் கப்பலேறுகின்றனர். படிப்பவர் சிரிக்கின்றனர், மனம் நிறைகிறது. ஆனால் கணக்குப் பாருங்கள். செஞ்சட்டை பதவியில் இருக்கிறார். கோகா நோபெயோக்காவில் இருக்கிறார். நேர்மையாளர் இருவர்க்கும் வேலை போயிற்று. நாற்பது யென் வாங்கிய இளைஞன் டோக்கியோவில் டிராம் கம்பெனியில் இருபத்தைந்து யென்னுக்குச் சேர்கிறான். அடியால் அநீதி அசையவில்லை. அந்த அடியை யாம் மாணவர்க்குப் பரிந்துரைக்கவும் இல்லை. நேர்மை வென்றது என்று சோசெகி பொய் சொல்லவில்லை என்பதே நூலின் நேர்மை.

ஆயினும் ஒன்று மிஞ்சுகிறது. அவ்விளைஞனைத் தந்தை ஒதுக்கினார். தாய் அண்ணனையே விரும்பினார். ஊர் அவனைத் தறுதலை என்றது. கியோ ஒருத்திதான் அவனுடைய உள்ளம் நேரானது என்று ஓயாமல் கூறியவள். ஒருமுறை மூன்று யென்னை அவனுக்குக் கடனாய்த் தருகிறாள். அவன் பணப்பையைக் கழிவறையில் தவறவிடுகிறான். வந்து அவளிடமே உண்மையைச் சொல்கிறான். அவள் மூங்கில் கழியால் எடுத்துக் கழுவி, வெள்ளி நாணயமாய் மாற்றித் தருகிறாள். அக்கடனை அவன் திருப்பித் தரவே இல்லை. தந்தால் அவள் அன்பை விலை பேசியதாகும் என்று எண்ணுகிறான். ஹொத்தா வாங்கித் தந்த ஒன்றரைச் சென் குளிர்நீருக்கோ, அவர்மேல் ஐயம் வந்ததும் காசை மேசைமேல் வைத்துவிடுகிறான். அவரும் எடுக்கவில்லை, காசு தூசு படிந்து கிடக்கிறது. ஐயம் நீங்கிய அன்று அதைத் தானே எடுத்துக்கொள்கிறான். நேர்மை என்பது தனியாளின் வீம்பு அன்று, நம்புவோரிடையே ஓடும் கடன் என்பதை இவ்விரு சிறு தொகைகளில் சோசெகி காட்டிவிடுகிறார். கியோ இல்லையேல் அந்த இளைஞன் வெறும் முரடனாய் முடிந்திருப்பான்.

ஆசிரியப் பெருமக்களே, வகுப்பறையில் சன்னல் கண்ணாடி உடைகிறது. "யார் செய்தது?" என்கிறோம். முப்பது பிள்ளைகளும் வாய்மூடி நிற்கின்றனர். ஒரு சிறுவன் மட்டும், "நான்தான் ஐயா" என்கிறான். அடுத்த கணத்தில் நாம் செய்வதுதான் அவனுக்கு வாழ்நாள் இலக்கணம். வாய்மூடியவரை விட்டுவிட்டு, உண்மை சொன்னவனை மட்டும் அடிப்போமாயின், எழுவாயைச் சொல்லாதே என்று கற்பித்தவர் ஆவோம். அவன் அடுத்த முறை, "உடைந்துவிட்டது ஐயா" என்பான். வளர்ந்து அலுவலகத்தில் அமர்ந்து, "மாற்றப்பட்டார்" என்று எழுதுவான். கண்ணாடிக்குரிய பொறுப்பை அவன் ஏற்கட்டும், அது முறை. ஆனால் உண்மை சொன்னதற்காக அவனை நாம் பாராட்டியதை மற்ற இருபத்தொன்பது பேரும் கேட்கட்டும். கியோவின் பணி அதுவே. ஆசிரியர் பணியும் அதுவே.

மாணவச் செல்வங்களே, செய்தியையோ சுற்றறிக்கையையோ வரலாற்றையோ படிக்கும்போது 'பட்டது', 'பட்டனர்' என்று முடியும் வாக்கியத்தைக் கண்டால் சற்றே நின்று, செய்தவர் யார் என்று கேளுங்கள். கேட்டு எழுவாயை எழுதிப் பாருங்கள். சில நேரம் அது அந்நியராய் இருக்கும். சில நேரம் நம்மவராய் இருக்கும். சில நேரம் நீங்களாகவே இருப்பீர்கள். மூன்றாவதை எழுத முடிந்தவர்க்கே முதலிரண்டையும் எழுத உரிமை உண்டு.

அந்த வாழ்த்துமடலைத் திருத்தி எழுத இனி இயலாது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. அதில் விடுபட்ட எழுவாயை மட்டும் இன்று இவ்வவையில் சேர்த்துவிட்டோம்.